துரை வரும்போது எழுந்து நிற்காதே

அன்பு மகன் சின்னையாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே யாவரும் நலம், உன் நலம் அறிய ஆவல் என்று எழுதித்தான் ஒரு கடிதத்தைத் தொடங்க வேண்டும். ஊரில் நான் படித்த மூன்று வருடப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முதலில் சொல்லிக்கொடுத்ததே அதுதான். இன்றைக்கு அந்த வரியை எழுதக் கை வரவில்லை. இங்கே யாரும் நலமில்லை. உன் அம்மா நேற்றிலிருந்து சோற்றில் கை வைக்கவில்லை. நான் எப்போதும் இருக்கிறபடி இருக்கிறேன். நீயும் நலமாக இல்லை என்பது எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அதனால் அந்தப் பொய்யை இந்த ஒரு தடவையாவது நம் மூன்று பேருக்கு நடுவில் விட்டுவிடுவோம்.

வண்டிக்கார மீரான் நேற்று உன் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். காலில் சின்ன அடி, பயப்பட ஒன்றுமில்லை, வெள்ளிக்கிழமை பாதை வேலைப் பெரிய துரை வந்து பார்ப்பார், சந்தோசம் என்று ஏதாவது காசு கொடுப்பார், வாங்கிக்கொண்டு சீக்கிரம் வேலைக்குத் திரும்பிவிடுவேன், அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தாய். நான் வாசித்துவிட்டு மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். உன் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். என் முகம் எதையும் காட்டாது என்று அவளுக்குத் தெரியும். அதனால் மீரானிடம் கேட்டாள்.

"சின்ன அடியா? யாரு சொன்னா?" என்றான் அவன். "தெமோதரைப் பக்கம் ரயிலு பாதைக்கு மலைய வெட்டுறாங்கல்ல, அங்க மேலேருந்து கல்லு சரிஞ்சு முட்டியையும் இடுப்பையும் சேத்து அடிச்சிருக்கு. நாலு பேரு சாக்குல போட்டுத் தூக்கிட்டுப் போனத நானே பாத்தேன். கொட்டகையில கெடக்கான். பொரண்டு படுக்கக்கூட முடியல. எப்புடிடா இருக்குன்னு கேட்டா சிரிக்கிறான்."

கேட்டால் சிரிக்கிறான் என்று அவன் சொன்னான். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உனக்கு என்னால் நிலம் கொடுக்க முடியவில்லை, நகை கொடுக்க முடியவில்லை, நல்ல பெயரும் கொடுக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பை மட்டும் நான்தான் கொடுத்தேன். அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். வெள்ளிக்கிழமை அந்தத் துரை உன் கொட்டகைக்குள் வருவதற்கு முன்னால் நீ இதை முழுக்க வாசித்துவிட வேண்டும். மீரான் நாளைக் காலையில் போகிறான். அவன் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன்.

என்னால் ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுத முடியாது. கொஞ்சம் உட்கார்ந்தும், கொஞ்சம் ஜன்னல் கட்டையில் தாளை வைத்து நின்றும், முடியாதபோது குப்புறப் படுத்தும் எழுதுகிறேன். எழுத்து ஒரு இடத்தில் நேராகவும் இன்னொரு இடத்தில் கோணலாகவும் இருந்தால் காரணம் அதுதான். உன் அப்பனுக்குப் புத்தி கோணிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

எனக்கு அடிபட்டபோது உனக்கு நாலு வயது. நான் பிறந்ததிலிருந்தே இப்படித்தான் என்று நீ நினைத்திருப்பாய். இல்லை. இந்த நமுனுகுல மலைச்சரிவில் மேல்மலையில் பறிக்கிற தேயிலைக் கொழுந்தைச் சாக்கில் கட்டித் தொழிற்சாலைக்கு இறக்குவதற்குக் கம்பி போட்டிருக்கிறார்கள் அல்லவா, அதன் கீழ்முனையில் நின்று சாக்கைப் பிடித்துக் கழற்றுகிற வேலை என்னுடையது. மேலேயிருந்து கொக்கியில் மாட்டிவிட்ட சாக்கு சீறிக்கொண்டு வரும். கீழே ஒரு கட்டை நட்டு, அதில் விறகுக் கட்டும் பழஞ்சாக்கும் சுற்றி வைத்திருப்பார்கள். சாக்கு அதில் முட்டி நிற்க வேண்டும். அந்தக் கட்டை அடியில் உளுத்துப் போயிருந்தது. கணக்கப்பிள்ளையிடம் இரண்டு தடவை சொன்னேன். "பாக்கலாம் பாக்கலாம்" என்றார். ஒரு மழை நாளில் சாக்கும் வந்தது, கட்டையும் சேர்ந்து வந்தது. இரண்டும் என் இடுப்பில் வந்து நின்றன. அதற்கப்புறம் எனக்கு நினைவு வந்தபோது லயத்து வரிசையில் நம் ஒற்றை அறைக் காம்பிராவில் கிடந்தேன். கால் இரண்டும் இருக்கின்றனவா என்று கையால் தடவிப் பார்த்தேன்.

பல நாள் அப்படியே கிடந்தேன். பச்சிலை வைத்துக் கட்டினார்கள். யாரோ பதுளைக் கடையிலிருந்து தைலம் வாங்கி வந்தார்கள். கதிர்காமத்துக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். நடக்க முடிந்தால் நான் ஏனய்யா வேண்டிக்கொள்கிறேன் என்று கேட்டேன். அந்த வலியிலும் காம்பிராவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நல்லவேளை, என் வாய்க்கு அடிபடவில்லை.

பிறகு ஒருநாள் பெரிய கங்காணி வாசலில் வந்து நின்றார். "நாளைக்குத் தொரையே வர்றாரு. டாக்டரய்யாவையும் கூட்டிக்கிட்டு. உன்னைய நேர்ல பாத்துட்டு என்ன செய்யலாம்னு சொல்றேன்னாரு. ஒனக்கு நல்ல காலந்தான்" என்றார். நல்ல காலம் என்றுதான் நாங்களும் நினைத்தோம். நம் தோட்டத்துத் துரை அதுவரைக்கும் லயத்துக்குள் கால் வைத்தது கிடையாது. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் எட்ட நின்று பார்த்திருக்கிறோம், குதிரையில் போகும்போது பார்த்திருக்கிறோம். அந்த மனுஷன் நம் வீட்டு வாசலுக்கு வருகிறார் என்றால் சும்மாவா? உன் அம்மா காம்பிராவைச் சாணி போட்டு மெழுகினாள். பக்கத்து வீட்டிலிருந்து புதுப்பாய் இரவல் வாங்கினாள். நாற்றமடித்த பச்சிலைக் கட்டை அவிழ்த்து என்னைத் துடைத்து, தலை சீவி, கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளை வேட்டியைக் கட்டிவிட்டாள். தலையில் ஒரு துண்டும் சுற்றிவிட்டாள். வீட்டுக்கு விருந்து வந்தால் நாம் கிழிசலை மறைப்போமா, எடுத்து முன்னால் விரிப்போமா? என் உடம்பையும் அப்படித்தான் மறைத்தோம்.

துரையின் சப்பாத்துச் சத்தம் கேட்டது. அப்போது என்னை எழுந்திருக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. இதை நீ நன்றாக மனதில் வைத்துக்கொள். கங்காணி சொல்லவில்லை, உன் அம்மா சொல்லவில்லை, துரையும் சொல்லவில்லை. நானாகத்தான் எழுந்தேன். அவர் நின்றுகொண்டிருக்க நான் காலை நீட்டிக்கொண்டு படுத்திருப்பதா என்று ஒரு வெட்கம் வந்தது. சுவரில் ஒரு கையும் உன் அம்மா தோளில் ஒரு கையுமாக எழுந்து, அவர் உள்ளே குனிந்து வரும்போது இரண்டு கையையும் எடுத்துவிட்டுத் தனியாக நின்றேன். தலைத் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டி, சலாம் வைத்தேன்.

"எப்புடி இருக்கு?" என்று கேட்டார். அவருக்கு நம் பேச்சு கொஞ்சம் வரும்.

"நல்லா இருக்குங்க தொரை" என்றேன். சிரித்தும் தொலைத்தேன்.

துரை டாக்டரிடம் ஏதோ சொன்னார். டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தொட்டுப் பார்க்கவில்லை. நிற்கிறவனைத் தொட்டு என்ன பார்ப்பது? துரை ஒரு கம்பளியைக் கொடுத்தார். நல்ல ஆள் என்றார். போய்விட்டார். அவர் கெட்ட மனுஷன் இல்லை. தன் கண்ணால் பார்த்ததை நம்பினார், தன் காதால் கேட்டதை நம்பினார். அவருக்கு நான் காட்டியது அதுதான்.

அவர் வாசலைத் தாண்டியதும் என் வேட்டி நனைந்தது. நின்ற நிலையில், என்னை அறியாமல். அப்புறம் விழுந்தேன். வெளியில் லயத்துச் சனமெல்லாம் நின்றதால் உன் அம்மா துரை கொடுத்த புதுக் கம்பளியை எடுத்து என் மேல் போட்டு மூடினாள். இதை அவள் இன்று வரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. நானும் அவளிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை. பெற்ற பிள்ளைக்கு எழுதுகிற விஷயமா இது என்று கேட்டால், இல்லைதான். எழுதும்போது முகம் எரிகிறது. ஆனால் நீ நம்ப வேண்டும். நம்ப வைக்க என்னிடம் வேறு சாட்சி இல்லை.

கொஞ்சம் நின்றுவிட்டு வருகிறேன்.

அதற்கப்புறம் நடந்தது இன்னும் கேவலம். என்னால் இனிமேல் கம்பியடியில் நிற்க முடியாது என்பது தெரிந்துவிட்டது. உட்கார்ந்து செய்கிற வேலை எது கொடுத்தாலும் செய்கிறேன், ஆனால் செக்ரோல் கணக்குப் புத்தகத்தில் எனக்கு முழுப் பேர் போட வேண்டும் என்று கேட்கப் போனேன். ஒரு நாள் முழுவேலை செய்தால் ஒரு பேர், கால்வாசி அரைவாசி செய்தால் அரைப் பேர், அரைக் கூலி என்பது உனக்குத் தெரிந்ததுதான். நான் காசாக எதுவும் கேட்கவில்லை. உங்கள் கட்டை உளுத்ததால்தானே என் இடுப்பு போயிற்று, அதனால் என் பேரைக் குறைக்காதீர்கள் என்பதுதான் என் நியாயம். வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு ஆபீஸ் வாசலுக்குப் போனேன். அங்கேயும் நிமிர்ந்துதான் நடந்து போனேன், முட்டாள்.

துரை கேட்டதைக் கணக்கப்பிள்ளை எனக்குச் சொன்னார். "தொரை கேக்குறாரு, நாந்தான் நேர்ல வந்து பாத்தேனே, நல்லா எந்திரிச்சு நின்னியே, நல்லா இருக்குன்னு உன் வாயாலதானே சொன்ன?"

"அன்னிக்கும் வலிச்சுதுங்க" என்றேன்.

"பின்ன ஏன் சொல்லல?"

ஆபீஸ் வராந்தாவில் நின்றவர்கள் இலேசாகச் சிரித்தார்கள். கட்டை உளுத்த கதையை எடுத்தேன். கணக்கப்பிள்ளை அதைத் துரைக்குச் சொல்லவே இல்லை, அவர் தலைதானே உருளும். கடைசியில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏதோ தொரை பாத்துக் குடுங்க" என்றேன். வழியெல்லாம் கட்டிக்கொண்டு போன நியாயத்தை அந்த ஒரு வார்த்தையில் நானே அவிழ்த்துக் கொட்டிவிட்டேன். துரை பார்த்துக் கொடுத்தார். சாக்குத் தைக்கிற வேலை, அரைப் பேர்.

நீ வளர்ந்தது அந்த அரைப் பேரில்தான். காலையில் பெரட்டில் ஆம்பிளைகள் பேர், பொம்பிளைகள் பேர், சிறுசுகள் பேர் எல்லாம் கூப்பிட்டு முடித்தபிறகு என் பேர் வரும். உன்னைப் பையன்கள் அரைப்பேர் மகன் என்று கூப்பிட்டார்கள். நீ சொன்னதில்லை, எனக்குத் தெரியும். நான் அந்த வெட்கத்தில் வெளியில் நடக்கும்போதெல்லாம் இன்னும் நிமிர்ந்து நடந்தேன். அதைப் பார்த்துச் சனம் என்ன பேசிற்று? "நல்லாத்தான நடக்குறான், வேலைக்குக் கள்ளம்" என்று பேசிற்று. ஒரே உடம்பை வைத்துக்கொண்டு துரையிடம் சுகமுள்ளவன் என்றும் சனத்திடம் சோம்பேறி என்றும் பேர் வாங்கிய சாமர்த்தியசாலி இந்த மலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வலி என்றால் என்ன என்று உனக்கு இந்த வாரம் தெரிந்திருக்கும். ஆனால் அது இப்போது புதுசு. புது வலிக்கு ஊரே வந்து பார்க்கும், கஞ்சி கொண்டுவரும். பழைய வலியை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள், பார்க்கச் சொல்லி நாமும் கேட்க முடியாது. அது காலையில் கொஞ்சம் இறுகிக் கிடக்கும், பத்து மணிக்கு விட்டுக்கொடுக்கும், நமக்கும் நல்ல நாள் வந்துவிட்டது என்று ஒரு ஆசை வரும். பனி இறங்கும்போது திரும்ப வந்து உட்காரும். தும்மினால் வலிக்கும், சிரித்தால் வலிக்கும், யாராவது கதவைப் படாரென்று சாத்தினால்கூட வலிக்கும். வலிக்கிறவனுக்கு வேறு எதிலும் புத்தி நிற்காது. உன் அம்மா ஏதாவது சொன்னால் பாதியில் வெடுக்கென்று விழுவேன். உப்புக் கூடிவிட்டது என்று ஒருநாள் சோற்றுப் பீங்கானைத் தூக்கி அடித்தேன். உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது. கொழுந்துக் கூடையைச் சுமந்துவிட்டு வந்த பொம்பிளை பீங்கான் துண்டைப் பொறுக்கினாள்.

காமன் கூத்து நடந்த ஒரு ராத்திரி உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. எட்டு வயது இருக்கும். கூட்டத்தில் தெரியவில்லை என்று பின்னாலிருந்து ஓடிவந்து என் முதுகில் தாவி ஏறினாய். எனக்குக் கண் இருண்டுவிட்டது. உன்னைப் பிய்த்து எறிந்தேன். தண்ணீர் ஓடுகிற கானுக்குள் போய் விழுந்து உதடு கிழிந்தது. நீ அழவில்லை. என்னடா ஆச்சு என்று ஆட்கள் கேட்டபோது "வழுக்கி விழுந்துட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். அப்பனைக் காப்பாற்றினாய். அதற்குப் பிறகு நீ என் முதுகைத் தொட்டதே இல்லை. உன்னைக் கூப்பிட்டு, எனக்கு வலிக்கிறதடா, அதனால்தான் எறிந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வலியைச் சொல்வது ஆம்பிளைக்கு அழகில்லை என்று நினைத்தேன். பிள்ளையைக் கானில் எறிவது மட்டும் அழகாக இருந்ததாக்கும்.

பதுளைச் சந்தையில் ஒருவன் உட்கார்ந்திருப்பானே, புண்ணுக்குக் கட்டிய துணியை அவிழ்த்துக் காட்டிக் காட்டிப் பிச்சை கேட்பானே, அவனைப் பார்த்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். வலிக்கிறது என்று சொன்னால் நானும் அவனாகிவிடுவேன் என்று பயந்தேன். உனக்கும் அதே பயம்தான் இருக்கும். இருபது வருடம் சாக்குத் தைத்ததில் இப்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. அவன் பிச்சை கேட்கிறான். அவன் புண்ணுக்குச் சந்தையில் போகிறவர்கள் காரணமில்லை. உன் முட்டியில் விழுந்த கல்லுக்கு அடியில் உன்னை நிற்க வைத்தது யார்? மேலே வெடிப்பு இருந்ததா, யாராவது சொன்னார்களா, மழைக்குப் பிறகு பார்க்காமல் வெட்டச் சொன்னார்களா? அதை உன்னைத் தூக்கிய நாலு பேரிடமும் கேள். வெள்ளிக்கிழமை அவர்களை உன் பக்கத்தில் நிற்கச் சொல். நீ கேட்கப் போவது பிச்சை இல்லை.

நேற்று உன் அம்மாவிடம் இப்படி எழுதப் போகிறேன் என்றேன். "எழுதி என்னத்துக்கு? அவன் ஒங்க மகன். தொரையப் பாத்தா நின்னுருவான்" என்றாள். அதனால் பச்சையாகவே சொல்கிறேன், கேள்.

அன்றைக்குக் குளிக்காதே. நல்ல வேட்டி கட்டாதே. கொட்டகையை யாரும் பெருக்கி அழகுபடுத்த வேண்டாம். துரை உள்ளே வந்தால் படுத்தபடியே கையெடுத்துக் கும்பிடு, அதற்குமேல் மரியாதை எதுவும் வேண்டாம். உங்கள் கங்காணி கண்ணைக் காட்டுவான், "எந்திரிடா" என்று பல்லைக் கடிப்பான். அவனுக்கு உன் முட்டி முக்கியமில்லை, தன் ஆள் மரியாதை தெரிந்தவன் என்று காட்டுவதுதான் முக்கியம். காது கேட்காதவன் போல இரு. எப்படி இருக்கிறது என்று கேட்டால், எங்கே தொடங்குகிறது, எதுவரைக்கும் போகிறது, எதைச் செய்ய முடியவில்லை, எத்தனை நேரம் தூங்கினாய் என்று சொல். கூட்டிச் சொல்லாதே. குறைத்துச் சொல்வது அதைவிடப் பெரிய பொய். தொட்டுப் பார்க்கட்டும். தொடும்போது வலித்தால் கத்து. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாயானால் அந்தச் சிரிப்புக்கு நீ சாகும்வரைக்கும் வாடகை கட்ட வேண்டும்.

என்ன வேண்டும் என்று கேட்டால் ஏதோ பார்த்துக் கொடுங்கள் என்று சொல்லிவிடாதே. உன் வாயில் அது முந்திக்கொண்டு வரும், விழுங்கு. பதுளை ஆசுபத்திரியில் வைத்துக் காலைப் பார்க்க வேண்டும், ஊன்றி நடக்கிற வரைக்கும் கூலி நிற்கக் கூடாது, அதற்கப்புறம் கால் எந்த அளவுக்கு வருகிறதோ அந்த அளவுக்கு வேலை கொடுத்து முழு ஆளாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல். ஆசுபத்திரியில் பார்க்கும் முன்னால் எதிலும் கைநாட்டோ கையெழுத்தோ வைக்காதே. சந்தோசம் என்று எதையாவது நீட்டினால், நன்றிங்க, முதலில் இதைச் சொல்லுங்க என்று சொல். பாதை வேலையைக் கொந்தராத்துக்கு எடுத்திருக்கிற அந்தத் துரை கொடுப்பாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கொடுக்காமலும் போகலாம். நம்மைப் போன்றவர்களுக்குச் சட்டம் ஏதாவது இருக்கிறதா என்றும் எனக்குத் தெரியாது. நடிக்கிறான் என்று சொல்வார்கள், உன் கூட வேலை செய்தவர்களே சொல்லலாம். அது குத்தும். ஆனால் அவர்கள் இல்லை என்று சொல்லி நீ இழப்பது வேறு, நீயே எழுந்து நின்று இழப்பது வேறு. முதலாவதில் கோபம்தான் மிஞ்சும். கோபத்தோடு மனுஷன் இருந்துவிடலாம். எனக்கு மிஞ்சியது அது இல்லையே.

இந்த இடத்தில் நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். இருந்தாலும் மீரான் சொன்ன இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அவன் டீத்தண்ணி குடித்துக்கொண்டே என்னைப் பார்த்து, "நீங்கதான் அவனோட அப்பாவா? வீட்டுல இருக்குற பெரியவருகிட்ட குடுன்னுதான சீட்டக் குடுத்தான். அப்பா செத்துப்போயிட்டாருன்னுல்ல அங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கான்" என்றான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். உன் அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குக் கோபமில்லை என்று எழுதினால் அது பொய். முதலில் கோபம்தான் வந்தது, நேரில் இருந்திருந்தால் கையைக்கூட ஓங்கியிருப்பேன். பிறகு அது அடங்கிவிட்டது. கிழவிகளோடு உட்கார்ந்து சாக்குத் தைக்கிற அப்பனைப் பற்றிப் புது இடத்தில் நாலு ஆம்பிளைகளிடம் என்னவென்று சொல்வாய்? கொன்றுவிடுவது சுலபம்தான். நானே என்னைப் பற்றிச் சொல்ல வேண்டிவந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

நான் வெள்ளிக்கிழமை அங்கே வருகிறேன். வியாழக்கிழமை தேயிலைப் பெட்டி ஏற்றிப் போகிற வண்டியில் பதுளைக்கு வந்து, அங்கிருந்து மீரான் வண்டியில் வருவதாகப் பேசியிருக்கிறேன்.

"அந்தக் குலுக்கல்ல ஒங்க இடுப்பு என்னத்துக்கு ஆகும்?" என்றாள் உன் அம்மா, நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே.

"ஆகட்டும். அதைக் காட்டத்தான் போறேன்" என்றேன்.

அப்புறம், "அப்பிடின்னா அந்த வெள்ள வேட்டி வேணாம். இந்தப் பழசையே கட்டிக்கிட்டுப் போங்க" என்றாள். அதற்கப்புறம்தான் அவள் ஒரு வாய்ச் சோறு சாப்பிட்டாள்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நீ கண் விழிப்பதற்கு முன்னால் நான் எப்படி அடுப்படிக்குப் போவேன் என்று நீ பார்த்ததில்லை. கையையும் முட்டியையும் ஊன்றித் தவழ்ந்துதான் போவேன். அடுப்புச் சூட்டில் இடுப்பைக் காட்டிக் காட்டி, சுவரைப் பிடித்து எழுந்து, நீ விழிக்கிற நேரத்துக்கு நிமிர்ந்து நின்றுகொள்வேன். வெள்ளிக்கிழமை வண்டியிலிருந்து இறங்கி உன் படுக்கைக்கு வருகிற தூரத்தை என்னால் எப்படி வர முடியுமோ அப்படியேதான் வரப் போகிறேன். அந்தத் துரையும் டாக்டரும் பார்க்கட்டும். அடிபட்ட இடுப்பைப் பார்க்காமல் விட்டால் இருபது வருடத்துக்குப் பிறகு அது எப்படி இருக்கும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இந்தப் பக்கத்தில் என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது. அதற்காவது நான் உதவுகிறேன்.

அங்கே உன் ஆட்கள் எல்லாரும் நிற்பார்கள். இது யார் என்று கேட்பார்கள். அப்பா என்று சொன்னால் எனக்குச் சந்தோஷம். சொல்ல வாய் வராவிட்டால் தோட்டத்தில் தெரிந்தவர் என்று சொல்லிவிடு, நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். ஆனால் எதைச் சொன்னாலும் படுத்தபடியே சொல். என்னைப் பார்த்ததும் எழுந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா